மூன்றாவது பாட்டி

இன்டர்னல் தேர்வு முடிந்த மறுநாள் என் மேஜையில் லீவ் லெட்டர்கள் குவியும். பாதி காய்ச்சல், மீதி பாட்டி இறந்த துக்கம். ஒரே பையனுக்கு மூன்று பாட்டிகள் போய்ச் சேர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்!

எங்கள் கலைக் கல்லூரியில் இன்டர்னலுக்கு 25, செமஸ்டருக்கு 75 மதிப்பெண். செமஸ்டருக்கு வராவிட்டால் அரியர்தான். அதில் என்னால் ஆவது ஒன்றுமில்லை. இன்டர்னல் என் பொறுப்பு. துறைத்தலைவர் கையெழுத்தோடு வந்தால் ரீ-டெஸ்ட் வைப்பேன், புது வினாத்தாளில். பழையது அன்று மாலையே வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கும்.

போன செமஸ்டரில் ஒருத்தி டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் வந்து நின்றாள். "கேட்டரிங் வேலைக்குப் போயிட்டேன் மேம், ஃபீஸ் கட்டணும்." நகக்கண்ணில் மஞ்சள் கறை. சனிக்கிழமை வரச் சொன்னேன். 50 மதிப்பெண் ரீ-டெஸ்டில் 41 வாங்கினாள்.