தேத்தண்ணிக் கடையில் சிகரட் புகை: சட்டம் யாருக்காக?



கிளிவெட்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நிற்கிற தன் மகனைப் பற்றி ஒரு தாய் எங்களிடம் கேட்டிருந்தார். "பொடியன் பீடி, சிகரட்டு ஒண்ணும் தொட மாட்டான். ஆனா லீவுல வீட்டுக்கு வந்தா ராத்திரி பூரா இருமுறான். சட்டையெல்லாம் சிகரட் நாத்தம். கடைக்கு வாறவங்க உள்ளுக்கே உட்கார்ந்து பத்துறாங்களாம். இதுக்குச் சட்டம் கிட்டம் இல்லையா?"

கிளிவெட்டி, திருகோணமலை மாவட்டத்தில் மூதூருக்குத் தெற்கே உள்ள ஊர். நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் இப்படித் தூர ஊர்க் கடைகளிலும் ஹோட்டல்களிலும் மேசை துடைக்கிறார்கள், பிளேன்டீ ஊற்றுகிறார்கள். ஆகையால் இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல.

முதலில் இருமலைப் பற்றி. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் புகைதான் காரணம் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சளியைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். காசநோயாக இருந்தால் மருந்தால் குணமாகும்.

இனிச் சட்டம். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உண்டாக்கிய சட்டம் அது. பொதுமக்கள் வந்து போகிற, மூடிய கட்டிடத்துக்குள் யாரும் புகைபிடிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வங்கி போலவே சாப்பாட்டுக் கடையும் கிளப்பும் அதில் அடங்கும். சாராயத் தவறணைக்கு லைசன்ஸ் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த லைசன்ஸ் சாராயம் விற்கத்தான். புகை விடுவதற்கு அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். பிடித்தவர் மட்டும் குற்றவாளி அல்ல. பார்த்துக்கொண்டு சும்மா இருந்த கடைக்காரரும் குற்றவாளிதான்.

"அதெல்லாம் பெரிய ஹோட்டலுக்குங்க, நம்ம கடைக்கு என்னத்துக்கு?" என்று சின்னக் கடை முதலாளிமார் சொல்வதுண்டு. விஷயம் நேர்மாறானது. முப்பது அறைக்குக் குறையாத ஹோட்டலும், முப்பது பேருக்குக் குறையாமல் உட்காரக்கூடிய உணவகமும் கிளப்பும் காற்றோட்டமுள்ள தனி இடம் ஒன்றைப் புகைபிடிக்க ஒதுக்கலாம் என்று சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. நாலு வாங்கும் ரெண்டு மேசையும் உள்ள கடைக்கு அந்தச் சலுகை இல்லை.

எங்களைக் கேட்டால் அந்தச் சலுகையே சட்டத்தில் உள்ள ஓட்டை. தனி அறை என்றாலும் அங்கேயும் ஒருவர் தேத்தண்ணி கொண்டு போக வேண்டும், சாம்பல் தட்டை எடுக்க வேண்டும். அவர் நம் பிள்ளையாக இருப்பார். ஒரே அறைக்குள் ஒரு பக்கத்தை ஒதுக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு வாளித் தேத்தண்ணியில் ஒரு பக்கத்துக்கு மட்டும் சீனி போட முடியுமா?

மற்றவர் விட்ட புகை என்ன செய்யும் என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஜப்பான் நாட்டுக் கதை ஒன்று. ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர் புகைபிடிக்காத 91,540 மனைவிமாரை 14 வருடம் கவனித்து, 1981இல் முடிவை வெளியிட்டார். கணவர் அதிகம் புகைபிடித்த வீடுகளில், ஒரு சிகரட்டையும் தொடாத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. உலகம் அதை ஒரேயடியாக நம்பிவிடவில்லை. பெரிய வாக்குவாதம் நடந்தது. பிறகு வந்த ஆராய்ச்சிகள் அவர் சொன்னதையே உறுதி செய்தன. நெருப்பு முனையிலிருந்து சும்மா எரிந்து வரும் புகைதான் அறையில் நிறைகிறது. பிடிப்பவர் வாய்க்குள் இழுக்கும் புகையைப் போல அது பில்டர் வழியாக வருவதில்லை. இப்போது உலகில் வருடத்துக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடுத்தவர் புகையால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

கடைக்கு வருகிறவர் கால் மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். வேலையாள் காலை ஐந்து மணியிலிருந்து இரவு வரை அங்கேயே நிற்கிறார். அயர்லாந்து தேசம் 2004 மார்ச் 29இல் மதுக்கடைகள் உட்பட எல்லா வேலைத்தலங்களிலும் புகையைத் தடை செய்தபோது சொன்ன நியாயம் இதுதான். அது வேலையாளின் உடம்பைக் காக்க வந்த சட்டம். கடைகள் எல்லாம் மூடப்படும் என்று அங்கேயும் பயமுறுத்தினார்கள். மூடப்படவில்லை. இந்தியாவில் கேரள உயர் நீதிமன்றம் 1999இல் பொது இடத்தில் புகைபிடிப்பது சட்டவிரோதம் என்றது. 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று பொது இடத் தடை நாடு முழுவதும் கடுமையாக வந்தது. அப்போது அங்கே சுகாதார மந்திரி, தமிழ்நாட்டைச் சேர்ந்த அன்புமணி ராமதாஸ்.

கிளிவெட்டிப் பக்கம் சட்டம் ஏன் காதில் விழவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சட்டம் வந்த 2006இல்தான் மூதூர், சம்பூர் பக்கம் யுத்தம் மூண்டது. சம்பூர் சனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அவர்களில் பலர் பிறகு கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தார்கள். அந்த நேரத்தில் சிகரட்டைப் பற்றி யார் பேசுவது? இன்றைக்கு அந்தச் சாக்குச் சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்? முதலாளியிடம் சண்டை போட வேண்டாம். பிள்ளையின் வேலையும் முக்கியம். சிகரட் பற்றவைக்கக் கட்டியிருக்கும் கயிற்றையும் மேசைச் சாம்பல் தட்டையும் வெளியே, வாசலுக்கு எட்ட வைக்கச் சொல்லிப் பார்க்கலாம். அதிலேயே பாதிப் புகை வெளியே போய்விடும். "பிடிபட்டா உங்களுக்கும்தான் கோடு" என்று பக்குவமாகச் சொன்னால் பலர் கேட்பார்கள். கேட்காவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (நாம் பி.எச்.ஐ. ஐயா என்கிறோமே, அவரிடம்) சொல்லலாம். பொலிசுக்கும் கலால் அதிகாரிக்கும்கூட அதிகாரம் உண்டு.

தோட்டத்துக்குள் ஒரு வார்த்தை. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட், பீடி, சுருட்டு விற்பதும் இதே சட்டத்தில் குற்றம். "அப்பாவுக்கு ஒரு சிகரட்" என்று பத்து வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் விற்றவர் மாட்டுவார். லயக் காம்பராவுக்குள் சட்டம் வராது. ஆனால் அது கிளிவெட்டிக் கடையை விடச் சின்ன இடம். தொட்டிலும் அங்கேதான் கட்டியிருக்கிறது. பற்றவைக்கிறவர் இஸ்தோப்பையும் தாண்டி வெளியே போய்த்தான் பற்றவைக்க வேண்டும்.

வெளியூர்க் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இப்படித் தொல்லை இருந்தால், கடை இருக்கும் ஊரை எழுதி உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு நாங்களே எழுதுகிறோம். பிள்ளையின் பெயரை எழுத வேண்டியதில்லை.