1,500 மணி நேரம், யாரோடு?

மாமல்லபுரத்துக்கும் திருப்போரூருக்கும் இடைப்பட்ட வானத்தில் இரண்டு வகை விமானங்களைப் பார்க்கலாம். ஒன்று, திரிசூலத்தில் இறங்குவதற்காக உயரம் குறைத்து வரும் பயணிகள் விமானம். இன்னொன்று, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய சின்னப் பயிற்சி விமானம். பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பாடம் நடத்தும் பள்ளி 1954 முதல் அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டு வகை விமானங்களிலும் விமானிகளுக்கு இரண்டு இருக்கைகள் உண்டு. ஆனால் பயிற்சி விமானத்தை ஒருவரே தனியாகவும் ஓட்டலாம்; இரண்டாவது ஆள் இருந்தால் ஒருவர் வாத்தியார், மற்றவர் மாணவர். ஏர்பஸ் 320, போயிங் 737, ஏடிஆர் ஆகியவற்றை இரண்டு விமானிகள் இல்லாமல் கிளப்பவே கூடாது. அங்கே வேலை இருவருக்கும் பங்கு பிரிக்கப்பட்டது. வணிக விமானி லைசென்ஸிலிருந்து ஏர்லைன் விமானி லைசென்ஸுக்கு ஒருவர் உயரும்போது இந்த வேறுபாட்டுக்கு நம் நாட்டு விதிகள் தரும் எடை போதாது என்று நினைக்கிறேன்.

வணிக விமானி லைசென்ஸுக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறத்தலும் வேண்டும். அதோடு குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சியையும் முடித்தவர் கோ-பைலட்டாக வலது இருக்கையில் உட்காரலாம். கேப்டனாக இடது இருக்கைக்கு நகர ஏர்லைன் லைசென்ஸ் தேவை: 21 வயது, 1,500 மணி நேரம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியும் இதே 1,500தான். அதற்குள் 250 மணி நேரம் பொறுப்பு விமானியாகவோ, 500 மணி நேரம் கேப்டனின் மேற்பார்வையில் பொறுப்பேற்றோ பறந்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஐரோப்பியர்கள் ஒரு படி மேலே போய், அந்த 1,500-இல் 500 மணி நேரமாவது பல விமானிகள் சேர்ந்து இயக்கும் பறத்தலாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். நம் விதியில் பொறுப்பு விமானி மணிகள், இரவு மணிகள், கருவிகளை மட்டும் நம்பிப் பறந்த மணிகள் எல்லாம் உண்டு. பக்கத்து இருக்கைக்காரரோடு வேலை பார்த்த மணிகள் எத்தனை என்ற கேள்விக்குத் தனி வரி இல்லை.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது இறங்கும் கடைசி நிமிடங்களில் தெரியும். ஒருவர் விமானத்தை ஓட்டுகிறார், மற்றவர் கண்காணிக்கிறார். வேகம் கூடினாலும், உயரம் அளவுக்கு மீறிச் சரிந்தாலும் கண்காணிப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வரம்பு தாண்டினால் அவர் சொல்ல வேண்டியது ‘கோ அரவுண்ட்’: இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறு என்று பொருள். 2010 மே 22 அன்று மங்களூரில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் கோ-பைலட் மூன்று முறை அதைச் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை, 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று மழையில் கோழிக்கோட்டில் இறங்கிய விமானம் ஓடுபாதையின் பாதித் தூரத்தைத் தாண்டித்தான் தரையைத் தொட்டது. அங்கேயும் ‘கோ அரவுண்ட்’ சொல்லப்பட்டது. 21 உயிர்கள் போன பின் வந்த விசாரணை அறிக்கை, அந்தச் சொல்லை மதிக்காததை மட்டும் குறை கூறவில்லை. கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்காததற்காகக் கோ-பைலட்டையும் சுட்டிக்காட்டியது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அந்த இரண்டு கேப்டன்களும் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். அதில் பெரும் பங்கு இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பறந்தது. கோழிக்கோடு கோ-பைலட்டுக்கே ஏறக்குறைய 2,000 மணி இருந்தது. பிறகு ஐரோப்பியர்களைப் போல 500 மணி விதி இங்கே இருந்திருந்தாலும் எதைத் தடுத்திருக்கும்? நேர்மையாகச் சொன்னால், அந்த எண் மட்டும் எதையும் தடுத்திருக்காது. வலது இருக்கையில் வாய் மூடிக் கழித்த 500 மணியும் லாக்புக்கில் 500 மணிதான். அதனால்தான் மேற்பார்வையில் பொறுப்பேற்றுப் பறந்த மணிகளைக் கூட்டுப் பறத்தலுக்குள்ளேயே கேட்க வேண்டும் என்கிறேன். அந்த நேரத்தில் முடிவெடுப்பவர் இளையவர், கவனிப்பவர் மூத்தவர். சொல்வதற்கு இவரும் கேட்பதற்கு அவரும் ஒரே நேரத்தில் பழகுகிறார்கள். எண்ணை மட்டும் ஏற்றிப் பார்த்த நாடு அமெரிக்கா. 2009-இல் பஃபலோ அருகே 50 பேர் இறந்த விபத்துக்குப் பின், 2013 முதல் அங்கே கோ-பைலட்டுக்கும் ஏர்லைன் லைசென்ஸும், சில விலக்குகள் தவிர 1,500 மணியும் கட்டாயம். விழுந்த விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1,500-ஐ எப்போதோ கடந்தவர்கள் என்பது அந்த விதியின் வினோதம். ஆனால் அதே விதித் தொகுப்பில் ஓசையில்லாமல் இன்னொன்றும் இருக்கிறது: கேப்டனாவதற்கு முன் விமான நிறுவனத்தில் 1,000 மணி நேரம் இரண்டாமவராகப் பறந்திருக்க வேண்டும் என்று. என் பார்வையில் பயனுள்ளது இதுதான்.

கேப்டன்களுக்குத் தட்டுப்பாடு இருக்கும்போது இன்னொரு தடையா என்பார்கள். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதை மறந்துவிட முடியாதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் ஒரு விமானி ஆண்டுக்கு அதிகபட்சம் 1,000 மணி நேரம் பறக்கலாம். 200 மணியோடு ஏர்லைனில் சேர்பவர் 1,500-ஐத் தொடும்போது மீதி 1,300-உம் கூட்டுப் பறத்தலாகவே இருக்கும். அவருக்கு இந்த விதியால் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தே மணி சேர்த்தவருக்குத்தான் இது இடிக்கும். அவருடைய அனுபவம் மட்டம் என்று யாரும் சொல்லவில்லை. தரையிறக்கக் கையும் வானிலைக் கண்ணும் பல ஏர்லைன்காரர்களைவிட அவருக்குக் கூர்மையாகவே இருக்கலாம். ஆனால் வாத்தியாரின் பேச்சை மாணவர் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்துப் பேச ஆளில்லாமல் சேர்ந்த 1,500 மணி, மறுப்பைக் கேட்டுப் பழகியதற்குச் சான்றாகாது. அவர் சில மாதங்கள் வலது இருக்கையில் பறந்துவிட்டு வரட்டும்.

பழைய விமானச் சட்டத்தின் இடத்துக்கு 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் வந்திருக்கிறது. லைசென்ஸ் விதிகளைத் திருத்த இது வசதியான நேரம். புதிதாக எந்தக் காகிதமும் வேண்டியதில்லை. பொறுப்பு விமானியா, கோ-பைலட்டா, மேற்பார்வையில் பொறுப்பேற்றவரா என்று விமானிகள் ஒவ்வொரு பறத்தலுக்கும் லாக்புக்கில் ஏற்கெனவே பிரித்துத்தான் எழுதுகிறார்கள். லைசென்ஸ் வழங்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அந்தக் கட்டங்களைச் சேர்த்துப் படித்தால் போதும்.