உஷார்! குரலை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

"அம்மா, வண்டியில ஆக்சிடென்ட் ஆயிடுச்சும்மா. என் போன் உடைஞ்சிருச்சு, ஃப்ரெண்டு போன்லேர்ந்து பேசறேன். இந்த நம்பருக்கு உடனே ஜிபே பண்ணு. அப்பாகிட்ட இப்ப சொல்லாத."

இப்படி ஓர் அழைப்பு வந்தால் எந்தத் தாய் நின்று யோசிப்பாள்? மகனின் குரல், மகனின் அழுகை. ஆனால் பேசுவது செயற்கை நுண்ணறிவை வைத்துக் குரலை நகலெடுத்த ஒரு திருடனாக இருக்கலாம்.

குரலை நகலெடுக்க மணிக்கணக்கில் பதிவு தேவையில்லை. மூன்று விநாடிப் பேச்சே போதும் என்று 2023 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2024 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனம் 15 விநாடிப் பதிவில் இயங்கும் கருவியை அறிவித்தது. தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று அஞ்சி அதைப் பொதுவில் விடாமல் வைத்தது. செய்தவர்களே பயந்தார்கள் என்றால் நாம் எவ்வளவு பயப்பட வேண்டும்! உங்கள் பிள்ளை போட்ட ஒரு ரீல்ஸ் மோசடிக்காரனுக்குத் தாராளமாகப் போதும்.

முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்கிறீர்களா? 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பழைய சக ஊழியரின் பெயரில் அழைப்பு வந்தது. உறவினருக்கு அறுவை சிகிச்சை, அவசரம் என்றான். சந்தேகப்பட்டவருக்கு வீடியோ காலில் சில நொடிகள் நண்பரின் முகத்தையே காட்டினான். 40,000 ரூபாய் போனது. மறுபடியும் பணம் கேட்டபோதுதான் அவர் உண்மையான நண்பரை அழைத்தார், குட்டு உடைந்தது. உடனே புகார் கொடுத்ததால் போலீஸ் அந்தப் பணத்தை முடக்க முடிந்தது.

ஹாங்காங்கில் நடந்ததோ இன்னும் பயங்கரம். அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியருக்கு 2024 ஜனவரியில் ரகசியப் பணப் பரிமாற்றம் பற்றி மின்னஞ்சல் வந்தது. அவர் சரியாகவே சந்தேகப்பட்டார். ஆனால் வீடியோ கூட்டத்தில் நிதித் தலைமை அதிகாரியும் தெரிந்த முகங்களும் இருந்ததைப் பார்த்து நம்பிவிட்டார். அவரைத் தவிர அத்தனை பேரும் போலி. 15 தவணைகளில் போனது 20 கோடி ஹாங்காங் டாலர். நம் கணக்கில் 200 கோடி ரூபாய்க்கு மேல்.

இத்தகைய மோசடிகளின் ஆயுதம் அவசரமும் ரகசியமும்தான். இரண்டையும் உடையுங்கள். யார் குரலாக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் போடுங்கள். "அப்பாகிட்ட சொல்லாத" என்று குரல் கெஞ்சினால் முதல் வேலையாக அப்பாவிடம் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அதை வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், வாயால் மட்டும் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிப் போய்க்கொண்டே இருக்கும். ஊரில் தனியாக இருக்கும் அம்மா, அப்பாவுக்கு இன்றே போன் செய்து அந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.