சோம் போர்ப் படத்தில் தோன்றும் படைக்கலங்கள்

1916-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதியன்று, லண்டன் நகரின் ஸ்காலா அரங்கில் ஐந்து சுருள்கள் கொண்ட ஒரு மௌனப் படம் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. ‘சோம் போர்’ என்பது அதன் பெயர். பிரான்சு நாட்டில் சோம் நதியை ஒட்டிய பகுதியில் அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்கிய பிரிட்டிஷ் படையெடுப்பை ஜெப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டவல் என்னும் இரு ஒளிப்பதிவாளர்கள் படம் பிடித்திருந்தனர். படம் திரைக்கு வந்தபோது அப்போர் இன்னும் முடிந்திருக்கவில்லை. ஆறு வாரங்களுக்குள் சுமார் 2 கோடி நுழைவுச் சீட்டுகள் விற்றன என மதிப்பிடப்படுகிறது.

இப்படத்தில் மிகுதியாகத் தோன்றுபவை பீரங்கிகளே. வீரர்களால் ‘பாட்டி’ என்று செல்லப் பெயரிடப்பட்ட 15 அங்குல ஹவிட்சர் அவற்றுள் ஒன்று. அதன் குண்டு ஒவ்வொன்றும் 1,400 ராத்தல், அதாவது சுமார் 635 கிலோகிராம் எடையுள்ளது. இரண்டு அங்குல மார்ட்டர் என்னும் சிறு கருவியையும் காண்கிறோம். இரண்டு அங்குலம் என்பது அதன் குழாயின் அளவேயன்றிக் குண்டின் அளவன்று. 51 ராத்தல் எடையுள்ள உருண்டைக் குண்டு குழாய்க்கு வெளியே நிற்க, அதனோடு இணைந்த தண்டு மட்டுமே குழாயினுள் செல்லும். அக்குண்டின் வடிவத்தைக் கண்ட வீரர்கள், கிறிஸ்துமஸ் விருந்தில் உண்ணும் உருண்டையான இனிப்பின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டனர்!

பெரும் பீரங்கிகளுக்கு இவ்வளவு இடம் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. அக்காலக் காமிராவைக் கையால் சுழற்ற வேண்டும். விநாடிக்கு ஏறத்தாழ 16 படங்களே பதிவாகும். முக்காலியின்மேல் நிறுத்தாமல் அதனை இயக்குவது அரிது. பீரங்கியோ போர்முனைக்குப் பின்னால் ஓரிடத்தில் நிற்பது. குண்டைத் திணிப்பதும், சுட்டவுடன் குழாய் பின்னோக்கி நகர்வதும் தெளிவாகப் பதிவாகும். லீ-என்பீல்டு துப்பாக்கியின் தோட்டா விநாடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்தில் பாய்வது. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே அது 46 மீட்டர் கடந்துவிடும். அதனைத் திரையில் காண்பது எங்ஙனம்?

ஜூன் 24-ஆம் தேதி முதல் ஒரு வாரம் பிரிட்டிஷ் பீரங்கிகள் சுமார் 15 லட்சம் குண்டுகளை வீசின. அக்காட்சிகளைக் காண்பவர், எதிரே ஓர் உயிரும் மிஞ்சியிராது என்றே எண்ணுவர். உண்மை வேறு. பல குண்டுகள் வெடிக்கவேயில்லை. முட்கம்பி வேலிகள் பல இடங்களில் அறுபடாமல் நின்றன. ஜெர்மானியர் சுண்ணாம்புப் பாறையில் ஏறத்தாழ 30 அடி ஆழத்தில் குடைந்த அறைகளில் தங்கியிருந்தனர்.

ஜூலை 1-ஆம் தேதி காலை 7 மணி 20 நிமிடத்திற்கு, போமோன் ஹாமெல் கிராமத்தருகே ஹாதார்ன் மேட்டின் அடியில் புதைத்திருந்த சுமார் 40,000 ராத்தல் அம்மோனால் வெடிமருந்து வெடித்தது. மாலின்ஸ் அதனைப் படமாக்கினார். ஓர் அடி நீளப் பிலிமில் 16 படங்கள் அடங்குமாதலால், விநாடிதோறும் ஓர் அடி பிலிம் செலவாகும். வெடிக்கு முன்னரே பிலிம் தீர்ந்துவிடுமோ என அஞ்சியதை அவர் 1920-இல் வெளியிட்ட நூலில் கூறுகிறார். எழும்பிய மண் மலை இன்றும் பார்ப்பவரைத் திகைக்க வைக்கிறது. ஆனால் காலாட்படை புறப்பட்டது 7 மணி 30 நிமிடத்திற்கு. அந்தப் பத்து நிமிட இடைவெளி ஜெர்மானியருக்கு எச்சரிக்கையாய் அமைந்தது. அவர்கள் மேலே வந்து இயந்திரத் துப்பாக்கிகளை நிறுவினர்.

அவ்வகைத் துப்பாக்கி 250 தோட்டாக்கள் கோத்த துணிப் பட்டையைக் கொண்டு நிமிடத்திற்கு 400 முதல் 500 முறை சுடும். குழாய் பழுக்காதிருக்க அதனைச் சுற்றி 4 லிட்டர் நீர் நிறைந்த உறை இருக்கும். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் சேதமுற்றனர். அவர்களுள் 19,240 பேர் மாண்டனர். எதிரியின் பீரங்கிகளோடு இத்துப்பாக்கியும் அதற்கு முதன்மைக் காரணமாகும். எனினும் அது எதிரணியிலிருந்து சுடும் காட்சி படத்தில் இல்லை.

படத்தில் பெயர் பெற்ற காட்சி வேறொன்று. வீரர்கள் பதுங்கு குழியிலிருந்து ஏறிப் பாய்கின்றனர். ஒருவர் சரிந்து வீழ்கிறார். அக்காலப் பார்வையாளர் பலரை இதுவே கலங்க வைத்தது. ஆயினும் இது போர்முனையில் எடுக்கப்பட்டதன்று; பின்னணியிலிருந்த ஒரு மார்ட்டர் பயிற்சிப் பள்ளியில் நடித்துக் காட்டப்பட்டது என்பது பிற்கால ஆய்வாளர் முடிவு. குழி ஆழமற்றது. எதிரே முட்கம்பி இல்லை. வீரர்கள் முதுகில் சுமை இல்லை. காமிரா நின்ற இடம் எதிரியின் குண்டுக்கு முற்றும் இலக்காகும் இடம். மேலும், வீழ்ந்து ‘இறந்த’ ஒருவர் வசதியாகக் கால்மேல் கால் போட்டுக்கொள்கிறார்! இவ்வாறு புனைந்தவை ஏறத்தாழ 77 நிமிடப் படத்தில் ஓரிரு நிமிடங்களே. அவற்றைக் கொண்டு முழுப் படத்தையும் பொய் என்று தள்ளுவது தவறு. 2005-இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்படத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இப்படத்தை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், குழியிலிருந்து பாயும் காட்சியை எவ்விளக்கமும் கூறாது முதலில் ஓட்டலாம். பிறகு அதனை நிறுத்தி, காமிராவைச் சுழற்றியவர் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று கரும்பலகையில் வரையச் சொல்லலாம். ஹாதார்ன் மேட்டு வெடிக்கும் அதே வினாவை இட்டு, இரு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கச் செய்தல் நன்று.