ஹெரால்டு காரும் கழலாத பின்னும்



வண்டலூர் என்றால் நமக்கெல்லாம் மிருகக்காட்சி சாலைதான் ஞாபகம் வரும். ஆனால் 1985-இல் அது வருவதற்கு முன்பே வண்டலூர் கார் செய்யும் ஊராக இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அங்கேதான் வான்கார்டு, டென், ஹெரால்டு, கெஸல் என்று கார்கள் செய்தது. "ஃபோர்டுதானே?" என்று கேட்காதீர்கள். அது மறைமலை நகர், ரொம்பப் பின்னால் வந்தது.

என் தாத்தா அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு நிற்கிறது. ஹெரால்டு இங்கே வந்தது 1961-இல். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் செய்தார்களாம், எங்களுடையது அதுதான். தாத்தா இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

ஹெரால்டில் ஒரு விசேஷம். பெரும்பாலான கார்களில் பானெட் மட்டும் வாயைப் பிளக்கும். இதில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் முழுசாக வெளியே தெரியும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அவ்வளவு கனத்தையும் தாங்குவது முன்னால் தாழ்வாக இருக்கும் இரண்டு கீல்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் தண்ணீர் ஏறியபோது எங்கள் காரும் நனைந்தது. அதன் பிறகு இரண்டு கீலும் இறுகிவிட்டன. ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, "கீலையே வெட்டி எடுத்துட்டு வேற வெல்டு வச்சிடலாம் சார்" என்றார். தாத்தாவுக்கு முகம் மாறிவிட்டது. கம்பெனி 1988-இலேயே மூடியாகிவிட்டது. புதுக் கீலுக்கு எங்கே போவது?

கீலில் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ எப்போதோ இரும்புக் கம்பியைக் கடைந்து பின்னாகப் போட்டு, முனையில் ஸ்பிளிட் பின் மாட்டியிருந்தார்கள். பானெட் திறக்கும்போது கீல் இந்தப் பின்னின் மேல் சுழல வேண்டும். சுழலாவிட்டால் என்ன ஆகும்? நாம் தூக்குகிற பலமெல்லாம் தகட்டுக்குப் போய், தகடு கிழியும். அதனால்தான் பலவந்தமாகத் திறக்கக் கூடாது.

சரி, பின் ஏன் இறுகுகிறது? இரும்போடு தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு என்று வேதியியலில் படித்திருக்கிறோம். ஆனால் துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். துளைக்கும் பின்னுக்கும் நடுவே இருந்த மெல்லிய இடைவெளி அடைத்துக்கொள்கிறது. ஆப்பு அடித்த மாதிரிதான்.

நான் முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். தாத்தா இல்லாத நேரம் பெரிய சுத்தியலை எடுத்து பின்னின் முனையில் நேராக நாலு போடு போட்டேன். முனை காளான் மாதிரி விரிந்துவிட்டது. விரிந்த முனை எப்படித் துளைக்குள் போகும்? தாத்தா வந்து பார்த்தார். திட்டவில்லை. "டேய், பின்னு போனா கம்பி வாங்கிக் கடைஞ்சுக்கலாம். தொளை போச்சுன்னா காரே போச்சு" என்றார். அரத்தை என் கையில் கொடுத்துவிட்டார். விரிந்ததைத் தேய்த்து எடுக்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆனது.

பிறகு தாத்தா சொன்ன வரிசைப்படி செய்தோம். முதலில் கம்பி பிரஷ்ஷால் மண், துரு எல்லாம் தேய்த்து எடுத்தோம். மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து இரண்டு முனையிலும் சொட்டு சொட்டாக விட்டோம். (மண்ணெண்ணெய் கிடைக்காதவர்கள் கடையில் விற்கும் துரு ஸ்பிரே வாங்கலாம்.) நுண்புழையில் திரவம் தானாக ஏறும் என்று படித்தோமே, அதே வேலைதான் இங்கேயும். ஆனால் மெதுவாக நடக்கும். காலை, மாலை எண்ணெய் விட்டு, சின்னச் சுத்தியலால் கீலைச் சுற்றி லேசாகத் தட்டினோம். அதிர்வில் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். இப்படி ஆறு நாள்.

ஏழாம் நாள் ஸ்பிளிட் பின்னை எடுத்துவிட்டு, பின்னின் தலையை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பிப் பார்த்தோம். அசையவில்லை. அடுத்தது சூடு. லேத் பட்டறை அண்ணன் கேஸ் டார்ச்சோடு வந்தார். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, பெட்ரோல் குழாயைக் கழற்றி முனையை அடைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்த பிறகுதான் பற்றவைத்தார். இதைப் பெரியவர்கள் இல்லாமல் யாரும் செய்யாதீர்கள்!

இங்கே ஒரு கேள்வி. கீலைச் சூடாக்கினால் துளை சுருங்குமா, விரியுமா? நான் சுருங்கும் என்றுதான் நினைத்தேன். விரியும்! உலோகம் எல்லாத் திசையிலும் விரிவதால் துளையும் பெரிதாகும். 10 மி.மீ. துளைக்கு 200 டிகிரி ஏற்றினால் சுமார் 0.024 மி.மீ. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை, ஆனாலும் துருவை உடைக்க உதவும். உள்ளே பின் சூடாவதற்குள் கீலை வேகமாகச் சூடாக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

திரும்ப வைஸ் கிரிப். "கிர்ர்ர்" என்று ஒரு சத்தம், கால் வட்டம் திரும்பியது! முன்னும் பின்னுமாக ஆட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, பின்னைவிடச் சற்று மெலிந்த பஞ்ச் வைத்து தாத்தா தட்டினார். கீல் வளையாமல் இருக்க எதிர்ப்பக்கம் கனமான இரும்பை நான் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். பானெட்டுக்கு அடியில் முன்பே மரக்கட்டை வைத்திருந்தோம். பின் வெளியே வந்து விழுந்தபோது, நடுவில் தேய்ந்து இடுப்பு மாதிரி இருந்தது.

புதுப் பின்னுக்கு அளவு எடுக்க நம்ம வெர்னியர் அளவிதான். தேய்ந்த இடத்தில் அளக்கக் கூடாது, தலைக்குப் பக்கத்தில் தேயாத இடத்தில் அளக்க வேண்டும். லேத்தில் கடைந்து, கிரீஸ் தங்க ஒரு சின்னக் காடியும் போட்டுத் தந்தார்கள். துளையை எமரி தாளால் துடைத்து, கிரீஸ் தடவிச் செருகினோம். விரலால் தள்ளியே உள்ளே போனது.

இது வலது பக்கம். இடது பக்கப் பின் நான்கு நாளாக எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கிறது. சுத்தியலை தாத்தா பீரோ மேல் வைத்துவிட்டார்.

— பத்தாம் வகுப்பு மாணவன்