பரு உள்ள முகத்தில் சவரம்

“நாளைக்குத் தாடியை எடுத்துட்டு வா” என்று படிவம் 5 மாணவனிடம் சொல்லிவிடுகிறோம். முகமெல்லாம் பருவோடு இருப்பவன் வறண்ட தோலில் பழைய பிளேடை இழுப்பான். பரு கிழிந்து கிருமி பரவும், தழும்பும் தங்கிவிடும்.

மாணவர்களே, ஜுரு வெயிலில் வியர்த்து வந்த முகத்தை முதலில் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்க. முடி ஊறியதும் ஷேவிங் ஜெல் தடவி, புது பிளேடால், முடி வளரும் பக்கமாகவே அழுத்தாமல் மழியுங்க. பழுத்த பருமேல் பிளேடு படக்கூடாது. அங்கே டிரிம்மர் போதும். அண்ணன் பிளேடு வேண்டாம்; ஹெப்பாடைட்டிஸ் பி இரத்தம்வழி பரவும். சுருட்டை முடியை ஒட்ட மழித்தால், அது தோலுக்குள் வளைந்து வளர்ந்து பருப்போலவே வீங்கும், கிள்ளாதீங்க.

ஆசிரியர்களே, சீழ்ப்பரு உள்ளவனுக்குச் சவரத்தில் சில நாள் தவணை கொடுத்து, அரசு கிளினிக்கில் காட்டச் சொல்வோம்.