நீரிழிவும் நித்திரையும்

மட்டக்குளியில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் என் பெரியம்மாவின் வீடு இருந்தது. கடற்காற்று ஓய்ந்துவிட்ட இரவுகளில் அங்கே புழுக்கம் தாங்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சலரோகத்தோடு வாழ்ந்துவந்த பெரியம்மா, சில நாட்களில் விடியுமுன்னே சேலை தெப்பமாய் நனைந்தபடி எழுந்து உட்கார்ந்திருப்பார். கெட்ட கனவு கண்டதாகவும், தலை கனப்பதாகவும் சொல்லுவார். கொழும்புப் புழுக்கத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைப்பதோடு எங்கள் கடமை முடிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை விடியற்புறம் அவருடைய பேச்சுக் குழறிற்று. எங்களையே அடையாளம் காணாமல் விழித்தார். அயல்வீட்டில் இருந்த தாதியார் ஓடிவந்து விரல்நுனியில் குத்திப் பார்த்தபோது, இரத்தத்தில் சீனி மிகத் தாழ்ந்திருந்தது. நல்லவேளையாக விழுங்கக்கூடிய நிலையில் இருந்தபடியால் சீனி கரைத்த நீரைப் பருக்கினார். கால் மணி நேரத்தில் பெரியம்மா தெளிந்து, "ஏன் எல்லாரும் என்னைச் சுற்றி நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். விசாரித்தால், முந்திய நாள் வெள்ளிக்கிழமை விரதம். இரவுச் சாப்பாட்டை விட்டவர், மாத்திரையை மட்டும் விடவில்லை!

கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் முதலிய மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிற்றில் சோறு இருக்கிறதா, இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. ஊசிமூலம் ஏற்றும் இன்சுலினும் அப்படியே. மெட்போர்மினை மட்டும் உட்கொள்பவர்க்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், உடல் தானே அபாயமணி அடிக்கின்றது. வியர்வையும் நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் அந்த மணியோசையே. உறங்குபவர் அதை உணராமலே போகக்கூடும். நெடுநாள் நோயாளிகளிடத்தில் மணியோசையே மங்கிவிடுவதும் உண்டு.

ஆகவே, சலரோகக்காரர் படுக்கும் அறையில் மூன்று தேக்கரண்டிச் சீனியும் ஒரு குவளைத் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். அறிவிழந்து கிடப்பவருடைய வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது. உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

சீனி ஏறினாலும் நித்திரைக்குக் கேடுதான். இரத்தச் சீனி சுமார் 180ஐத் தாண்டும்போது சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த மாட்டாமல் சிறுநீரில் விட்டுவிடுகின்றது. சீனி தன்னோடு நீரையும் இழுத்துச் செல்லுகின்றது. இரவில் நாலு முறை எழும்ப நேர்வது இதனாலேயே. இதற்கு அஞ்சி மாலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவோர் உளர். அதனால் தாகமும் களைப்பும் கூடுமேயன்றிச் சீனி இறங்காது. நரம்புகள் பழுதுற்றோர்க்குப் படுத்தவுடன் உள்ளங்கால் எரியத் தொடங்கும். உடல் பருத்தவர் பெருங்குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறுவாராயின், அது வீட்டார் சிரித்துவிட்டு விடக்கூடிய சங்கதியன்று, வைத்தியரிடம் சொல்லவேண்டியது.

நோய் நித்திரையைக் கெடுப்பதுபோல, கெட்ட நித்திரையும் நோயை வளர்க்கின்றது. 1999ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஆரோக்கியமான 11 வாலிபர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மாத்திரமே படுக்கவிட்டுச் சோதித்தனர். நோய் எதுவுமற்ற அந்த இளைஞருடைய உடலே சீனியைக் கையாளும் வல்லமையில் தளர்ந்துபோயிற்று. 2022இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டியில், உணவு, தேகப்பயிற்சி என்பவற்றோடு உறக்கத்துக்கும் இடம் கொடுக்கப்பட்டது.

இது ஒரு வீட்டுக் கதையுமன்று. இலங்கையில் வயதுவந்தோரில் ஐவருக்கு ஒருவர் நீரிழிவோடோ, அதன் முன்நிலையோடோ வாழ்வதாகவும், நீரிழிவுள்ளோரில் மூன்றிலொரு பங்கினர் அதை அறியாமலே இருப்பதாகவும் 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று தெரிவித்தது. இப்படியிருந்தும் நோயாளியைப் பார்க்க வருவோர், "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று ஆயிரம் முறை கேட்கின்றனர். "இரவு எப்படிப் போயிற்று?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. கிளினிக் நாளிலோ, வரிசையில் இடம்பிடிக்க நாலு மணிக்கே எழும்புவதால் உள்ள நித்திரையும் போய்விடுகின்றது!

அந்தச் சனிக்கிழமைக்குப் பின் பெரியம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒரு பக்கத்தை இரவுக்கென்று ஒதுக்கினோம். எத்தனை முறை எழும்பினார், வியர்த்ததா, கனவு கண்டாரா, முதல்நாள் இரவு என்ன உண்டார் என்பவற்றை என் தங்கை நாள்தோறும் எழுதிவந்தாள். அடுத்த முறை வைத்தியர் அதைப் பொறுமையோடு வாசித்து, மாலை மாத்திரையின் அளவைக் குறைத்தார். விரத நாளில் என்ன செய்யவேண்டும் என்றும் தனியே எழுதித் தந்தார். பெரியம்மா வெள்ளிக்கிழமை விரதத்தைக் கைவிடவில்லை. ஆனால் அன்றிரவு பாலும் பழமும் உண்டபின்பே பாயை விரிப்பார்.